மூன்று அட்டையில் என் ரத்தம்

ஏப்ரல் 14, வெள்ளி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் வீட்டு மிக்ஸியின் பெரிய ஜார் மூடி இன்று காலை ஏழு நாற்பதுக்குக் காலமானது. தேங்காய்ச் சட்னியின் நடுவே உயிர் பிரிந்தது. சட்னியின் ஒரு பகுதி சுவரிலும் மறு பகுதி கூரையிலும் நல்லடக்கம் செய்யப்பட்டது. துக்கம் தாங்காத அம்மா என்னைத் தேடினாள். மூடியின் மேல் நேற்று நான் பம்பரம் விட்டுப் பார்த்த செய்தி எப்படியோ கசிந்துவிட்டது.

புத்தாண்டு, பிளஸ் ஒன் பரீட்சையும் முடிந்தது, ஆகவே நாட்குறிப்பு. பிற்காலத்தில் வரலாறு என்னைத் தேடி வரும்போது முகவரி வேண்டுமல்லவா? பெயர் பேச்சிமுத்து. தெருவில் ‘பேச்சு.’ அப்பா லாரியில் வடக்கே போயிருக்கிறார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். நான் ஜனவரியில் சென்னையில் நடந்த மாநிலப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவன். பதினைந்து நாள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் அதுதான் என்று வகுப்பிலும் தெருவிலும் தண்ணீர் பிடிக்கிற பம்படியிலும் பதிவாகியிருக்கிறது. கோப்பை கொரியரில் வருகிறது. இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 15, சனி

தெருவில் ரத்தம் எடுக்கிறார்கள். பயப்பட வேண்டாம், கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

ஒரு பையும் ஒரு எழுத்துப் பேடுமாகக் கோமதி அக்கா என்பவர் வந்தார். ஏதோ சுகாதார ஆராய்ச்சியாம். ஊர் முழுக்கச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பதினொரு வீடு, வீட்டுக்கு ஒரு பிள்ளை.

“தம்பி, உன் ரத்தம் நாலு சொட்டு வேணும்.”

“எதுக்குக்கா, பொரியல் பண்ணவா?”

“உன் வாயை அளக்க இன்னும் மிஷின் வரல. அதான் ரத்தத்தை அளக்கோம்.”

சரியான ஆள். பிறகு விளக்கினார். டைபாய்டுக் கிருமி ஒருவன் உடம்புக்குள் வந்துவிட்டுப் போனால், அதோடு சண்டை போட்ட எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் கொஞ்ச காலம் காவல் நிற்குமாம். ஊரில் எத்தனை பேர் ரத்தத்தில் அந்தக் காவல் இருக்கிறது என்று எண்ணினால்தான் தடுப்பூசி எங்கே முதலில் வேண்டும், எந்தத் தெருக் குழாயைத் தோண்ட வேண்டும் என்பதெல்லாம் தெரியுமாம்.

“காய்ச்சல்னு வாய் சொல்லாட்டியும் ரத்தம் சொல்லிரும்,” என்றார்.

பிறகு அம்மாவிடம், “போன ஒரு வருசத்துல பையனுக்கு டைபாய்டு வந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“வரலையே. இவன் கல்லு மாதிரி,” என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. நான் கூரையில் இருந்த சட்னியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

நடுவிரலில் ஒரு குத்து. ஒரு அட்டையில் சின்னச் சின்ன வட்டம் போட்டிருக்கிறது, அதற்குள் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காய வைக்கிறார்கள். அட்டையில் வீட்டு எண் ஒட்டினார். ஒரு சோப்பும் ஒரு துண்டும் தந்தார்.

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்று நான் இசக்கிராஜா.

எதிர்வரிசை ராஜா கபடியில் நாலு பேரை ஒரே மூச்சில் சாய்ப்பவன். ஊசியைச் சொன்னால் மட்டும் அவன் சாய்ந்துவிடுகிறான். அவன் அப்பா நயினார் மாமாவுக்குக் கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு அசைய முடியாது என்று நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். அத்தையும் கடையில். ரத்தத்துக்கு ராஜா மட்டும்தான் வீட்டில்.

“மக்கா, நீ போயி குத்திக்கோலே. சோப்பை நீயே வச்சிக்கோ,” என்று காலில் விழாத குறை.

எதிர்வரிசைக்கு வேறு ஒரு அண்ணன் வந்தார். என்னைத் தெரியாது. ராஜாவின் கபடி பனியனைப் போட்டுக்கொண்டு, இடது கை மோதிரவிரலை நீட்டினேன்.

“பேரு?”

“இசக்கிராஜாண்ணே. கபடி ப்ளேயர்.”

அண்ணன் என் புஜத்தைப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார். நல்ல மனிதர்.

ராஜா கட்டிலுக்கு அடியில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 19, புதன்

இன்று நான் செல்வின். ராஜா மாதிரி அவனும் என் கூட்டாளி. வீட்டில் ஆள் இல்லையென்றால் மூன்று தடவை வரை தேடி வருவார்களாம். முதல் தடவை செல்வின் குடும்பம் சர்ச்சில் இருந்தது. இன்று அவன் வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றில் இருக்கிறான். அவன் அப்பா அம்மா கையெழுத்தை மட்டும் போட்டு வைத்துவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்தார். பயம் இருந்தது, அவருக்குத்தான். “பயப்படாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்,” என்று நானே தைரியம் சொன்னேன்.

மூன்று விரல், மூன்று பெயர், மூன்று சோப்பு. ஒரே ஆள் ஒரு தெருவின் கால்வாசி! சட்டசபைக்கு நின்றால் டெபாசிட் நிச்சயம்.

மாலையில் தெருமுனைப் புங்கமரத்தடியில் மூவரும் சர்பத் குடித்தோம். வண்டிக்காரி உலகம்மாள், எங்களுக்கு உலகு அக்கா. வாய்க்கு வாய் என்னைச் சமாளிக்கிற ஒரே ஆள்.

“என்னல பேச்சு, இன்னைக்கு மூணு பேரும் ஒரே ஆளு மாதிரி சிரிக்கிய?”

எனக்குப் புரையேறியது.

ஏப்ரல் 30, ஞாயிறு

வெயில். உலகு அக்காவுக்குச் சீசன். மார்ச்சில் வண்டியை இறக்கினால் கத்திரி வெயில் முடிகிற வரைக்கும்தான். மற்ற ஒன்பது மாதம் பீடி சுற்ற வேண்டும். இந்த வருடம் நன்றாக ஓடினால் கூழ், மோர் என்று வண்டியை வருடம் முழுக்க நிறுத்திவிடுவாளாம். பீடித் தட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். “இனி அதைத் தொட்டேன்னா என் பேரு உலகம்மா இல்ல,” என்றாள். “அப்ப என்ன பேருக்கா, பீடியம்மாவா?” என்று கேட்டேன். எலுமிச்சைத் தோலால் அடித்தாள்.

மே 18, வியாழன்

கோமதி அக்கா மறுபடி வந்தார். கூட ஒரு பெரிய அதிகாரி, தண்ணீர் சோதிக்கிற பெட்டி. தெருவில் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. மூன்று வீட்டுக்கு மட்டும் போனார்கள். ராஜா வீடு, செல்வின் வீடு, எங்கள் வீடு.

மூன்று வீட்டிலும் ஒரே கேள்விகள். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், கொதிக்க வைக்கிறீர்களா, பிள்ளை வெளியே எங்கே சாப்பிடுகிறான், எங்கே குடிக்கிறான். யார் ரத்தத்தில் என்ன இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்று அந்த அதிகாரி போனில், “மூணு வீட்ல ரொம்ப ஏறியிருக்கு, சமீபத்துல வந்த மாதிரி,” என்று சொன்னதை நயினார் மாமா கேட்டுவிட்டார்.

மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு பதில்தான் இருந்தது. புங்கமரத்தடி சர்பத்.

வெயில் 104. வேறு விசேஷம் இல்லை.

மே 19, வெள்ளி

வெயில் 104.

மே 20, சனி

திருத்தங்கள்:

சென்னை என்று எழுதியிருப்பதைக் கோவில்பட்டி என்று படிக்கவும். பேச்சுப் போட்டி என்று எழுதியிருப்பதை டைபாய்டு என்று படிக்கவும். இரண்டாம் பரிசு என்பது இரண்டாம் வார்டு.

பொங்கலுக்குச் சித்தி வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல். பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மேடையில் முழங்கியதாகச் சொன்ன நாட்களில் பாத்ரூமுக்குப் போக இரண்டு பேர் தாங்கினார்கள். அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “எய்யா, காய்ச்சல்னு எவன்ட்டயும் சொல்லாத. சமைக்கிறவ வீட்டுல டைபாய்டுன்னா என்னைய அடுப்புப் பக்கம் விட மாட்டாங்க. சித்தி வீட்டுக்குப் போனேன்னு சொல்லு.” போட்டி, மேடை, பரிசு, கொரியர் எல்லாம் என் சொந்தச் சேர்க்கை.

ஆக, மூன்று வீட்டிலும் ஏறியிருப்பது ஒரே ரத்தம். எனக்குக் காய்ச்சல் ஜனவரியில். அக்கா வண்டியை இறக்கியது மார்ச்சில். இதைக் கணக்குப் போட ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

ராஜாவிடம் சொன்னேன். அவனுக்கு வேர்த்துவிட்டது. “எங்கப்பாக்குத் தெரிஞ்சா என்னைய கொக்கியில மாட்டிருவாரு மக்கா. வாயத் தொறந்திராத.” அவன் வீட்டில் மூன்று வேளையும் கஷாயமாம். செல்வின், “தானா அடங்கிரும்லே,” என்றான்.

அடங்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

மே 22, திங்கள்

அடங்கவில்லை.

மாலை நாலு மணிக்கு நயினார் மாமாவும் தெருவில் நாலைந்து பேரும் புங்கமரத்தடிக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள், அவர்களில் நாங்கள் மூன்று பேர்.

“ஏ உலகம்மா, உன் மேல குத்தம் சொல்லல. புள்ளைங்க விசயம். கொஞ்ச நாளைக்கு வண்டிய வேற எங்கனயாவது போட்டுக்கோ.”

“வேற எங்கன மாமா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இந்தக் கதைதான் போயிருக்கு. கேன் தண்ணிதான் ஊத்துதேன், பாருங்க.” கேனைக் கவிழ்த்து ஒரு தம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தாள். அடுத்த தம்ளரைத் தன் மகள் மாரிச்செல்விக்குக் கொடுத்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. அதுவும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே குடித்தது.

“நீங்க குடிச்சா ஆச்சா? மூணு புள்ளைங்க ரத்தத்துல இருக்குல்லா?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அக்கா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

“ஏல பேச்சு, நீ சொல்லு. தெனம் குடிக்கியே. உனக்கு எதும் செஞ்சிதா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன் நான்.

“தெரியலக்கா,” என்றேன்.

அக்கா பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். ஒருவர் வண்டியைத் தள்ள உதவிக்குப் போனார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

மே 24, புதன்

பம்படியில் சின்னப் பயல்கள் மாரிச்செல்வியை ‘டைபாய்டு’ என்று கூப்பிடுகிறார்கள். குடத்தை வைத்தால் தள்ளி வைக்கிறார்கள். ஒருவன் மண்டையில் குட்டினேன்.

“ஏன் அடிக்க? நீதான அன்னைக்குத் தெரியலன்னு சொன்ன?” என்றான்.

மே 25, வியாழன்

அக்கா வீட்டு வழியாகப் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. போனேன். கதவு திறந்திருந்தது. மடியில் பீடித் தட்டு. இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருமல் மருந்து பாட்டில்.

என் தலை தெரிந்ததும், “என்ன பேச்சு?” என்றாள். பழைய குரல்தான்.

“சும்மாக்கா,” என்று வந்துவிட்டேன்.

மே 27, சனி

ரேஷனில் சீனி போட்டார்கள். கோமதி அக்கா வந்து அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார். மதியம் தூக்கம் வரவில்லை.

மாலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மனசாட்சி எழுந்து நின்று மைக்கைப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொல்லப்போகிறேன். யாரும் கேட்காமல், நானாக.

மே 28, ஞாயிறு

சொன்னேன்!

முதலில் கோமதி அக்காவுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“உன் ரத்தத்தை மூணாக் காட்டுனா இந்தத் தெருவுல டைபாய்டு மூணு மடங்குன்னு ஆயிரும். இதை வச்சித்தான் எங்க என்ன செய்யணும்னு முடிவு பண்ணுவாங்க. நெசமா வேண்டிய ஒரு தெருவுக்குத் தடுப்பூசி வராமப் போயிருக்கும். அந்தத் தெருவுல உன்ன மாதிரி ஒருத்தன் பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரில கெடப்பான். விளையாட்டா இது?”

பிறகு, “எங்கிட்ட சொன்னது எனக்கு. தெருவுக்கு யாரு சொல்லுவா?” என்று கேட்டார்.

கணக்கெடுக்கப் போன அதே வரிசையில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். பதினொரு வீடு. நயினார் மாமா கடை வாசலில்தான் கூட்டம் அதிகம். கறி வெட்டுகிற சத்தம் நின்றது. ராஜா உள்ளே ஓடினான், மாமா பின்னாலேயே போனார். செல்வின் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். என்னைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரித்தான் பேசினார்கள்: “கள்ளத்தனம் பண்ணுனாலும் தானா வந்து ஒத்துக்கிட்டான் பாரு. தைரியமான பய.”

அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

கடைசி வீடு எங்கள் வீடு. அம்மா ஒரு அறை விட்டாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு தன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை வீட்டுக்கு அவளே போய் ஜனவரி விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். பள்ளி திறப்பதற்குள் அவளைப் பரிசோதனை செய்து சீட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தள்ளி வைக்கிறாள்.

மே 29, திங்கள்

ராஜாவுக்கும் செல்வினுக்கும் ரத்தம் எடுத்தார்கள், அவரவர் விரலில். ராஜா மயங்கி விழுந்தான். பழைய இரண்டு அட்டையையும் கணக்கில் சேர்க்காதே என்று கோமதி அக்கா பெரிதாக அடித்து எழுதினார்.

உலகு அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். தொடக்கம், நடு, உருக்கமான முடிவு. வாசலில் நின்றதும், “யக்கா, அது என் ரத்தம்க்கா,” என்பது மட்டும்தான் வந்தது.

“கேள்விப்பட்டேன்,” என்றாள். இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெட்டிய இலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “ஒனக்கு எப்பத் தெரியும்?” என்றாள்.

“முந்தாநேத்துதாங்க்கா. தெரிஞ்சதும் சொல்லிட்டேன்.”

அக்கா தலையாட்டினாள். “சரி. சின்னப் பய. சொல்லணும்னு தோணிச்சே, அது போதும்.” மாரிச்செல்வியைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். குடித்தேன்.

மே 30, செவ்வாய்

நயினார் மாமாவும் மற்றவர்களும் அக்கா வீட்டுக்குப் போய் வண்டியை மறுபடி மரத்தடியில் போடச் சொன்னார்கள். மாமா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். அக்கா கோபப்படவில்லையாம்.

“கத்திரி நேத்தோட முடிஞ்சிட்டு மாமா. மலையில மேகம் கட்டியாச்சி. இனி எவன் சர்பத் குடிப்பான்? எசன்ஸ் பாட்டிலும் வித்தாச்சி. பீடிக்கு இலை வாங்கிட்டேன். அடுத்த வருசம் பாப்போம்.”

தெருவில் மூன்று பேர் இன்று என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் எனக்கு ஒரு பன் தந்து, “நெஞ்சு வேணும்லே இதுக்கு,” என்றார். பன்னைத் தின்றேன். பாதிக்கு மேல் நாய்க்குப் போட்டேன்.

மே 31, புதன்

திருத்தங்கள், இரண்டாம் பகுதி.

இருபத்தேழாம் தேதி கோமதி அக்கா அம்மாவிடம் பேசியது ‘ஏதோ’ அல்ல. “மூணு அட்டையும் ஒரே அச்சா இருக்குன்னு லேப்ல சந்தேகப்படுதாங்க. திங்கக்கிழமை மூணு பேர்ட்டயும் திரும்ப எடுக்கணும்,” என்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எப்படியும் மாட்டப்போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் என் மனசாட்சி எழுந்து மைக்கைப் பிடித்தது. அவர் வந்திருக்காவிட்டால் இன்றும் வெயில் எத்தனை டிகிரி என்றுதான் இங்கே எழுதியிருப்பேன்.

போன் செய்தபோதும் “பேரு என்ன?” என்று கேட்டார். “செல்வின்,” என்றேன். அவர் ஸ்கூட்டியில் நேராகச் செல்வின் வீட்டுக்குத்தான் போனார். செல்வின்தான் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினான். அதை எழுதாமல் விட்டேன்.

இன்று காலை அக்கா வீட்டுக்குத் திரும்பப் போனேன்.

“யக்கா, முந்தாநேத்துதான் தெரியும்னு சொன்னது பொய். பதினெட்டாந்தேதியே தெரியும். அவங்க மூணு வீட்டுக்கு வந்தப்பவே.”

இலை வெட்டிக்கொண்டிருந்த கத்தரி நின்றது.

“வண்டிய எடுக்கச் சொன்னாங்களே, அப்ப?”

“தெரியும்.”

“உன்ட்ட கேட்டேனே.”

“தெரியும்க்கா.”

“இங்க வாசல்ல வந்து நின்னியே.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், அவள் வாயும் என் வாயும் பழகியவை. அவள் திட்டவில்லை. ஒரு இலையை எடுத்து, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டினாள். பிறகு உள்ளே பார்த்து, “ஏட்டி, அந்தக் கதவைச் சாத்து. தூசி வருது,” என்றாள்.

மாரிச்செல்வி வந்து சாத்தினாள்.

வீட்டுக்கு வந்தேன். மூன்று நாளாகப் பேசாத அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கண்ணு ஏன்டே செவந்திருக்கு?” என்று கேட்டாள்.

“தூசிம்மா,” என்றேன்.

தூசி இல்லை. அழுதேன்.